ஓடும் கால்களும் நிற்கும் மலைகளும்

முதல் காமிரா வாங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு, பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடிய சில நாள்களில், கோவில்பட்டியில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவர் தம் மகனுடன் நம்மைக் காண வந்தார். அவர் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதுபவர். பல மாதங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கின்றான். மகள் பள்ளியின் ஹாக்கி அணியில் ஆடுபவள். தங்கை ஆடும் ஆட்டங்களைப் படம் பிடிக்க வேண்டும். விடுமுறை நாள்களில் கழுகுமலைக்கும் குற்றாலத்திற்கும் மணப்பாட்டுக் கடற்கரைக்கும் சென்று இயற்கைக் காட்சிகளையும் எடுக்க வேண்டும். அதற்கொரு நல்ல டிஜிட்டல் காமிரா வேண்டும். இதுவே மகனின் ஆசை.

ஆசையில் தவறில்லை. ஆனால் கடைக்காரர் அவனுக்குக் காட்டிய காமிராவின் விலை, சீட்டுப் பணம் முழுவதையும் விழுங்கியதோடு, மேலும் பத்து மாதத் தவணையையும் கேட்டது. அப்பணத்தில் ஒரு பகுதி, மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கென்று தாய் மனத்திற்குள் ஒதுக்கி வைத்திருந்தது. "வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், சாமி" என்று தந்தையின் கண்கள் கெஞ்சின. "வாங்கச் சொல்லுங்கள், ஃபாதர்" என்று மகனின் கண்கள் கெஞ்சின.

நாம் இரண்டையும் சொல்லவில்லை. "எதைப் படம் பிடிக்கப் போகிறாய் என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள், காமிராவைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்றோம். அன்று தொடங்கிய பேச்சு சில நாள்கள் நீடித்தது. இதே கேள்வி பல இல்லங்களில் எழுவதால், அப்பேச்சின் சாரத்தை இங்கே எழுதுகின்றோம்.

ஒளியைச் சேர்க்கும் பெட்டி

காமிரா எத்தனை புதுமையானதாயினும், அது ஒளியைச் சேர்க்கும் ஒரு பெட்டியே. முன்பு அப்பெட்டிக்குள் ஃபிலிம் சுருள் இருந்தது; ஒரு சுருளில் 36 படங்கள். இன்று அதன் இடத்தில் சென்சார் எனப்படும் ஒளியுணர் தகடு இருக்கின்றது. 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா, ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று தொடக்கநிலைக் காமிராக்களும் ஒரு வினாடியில் பல படங்களை எடுக்கின்றன. ஆயினும் ஒளியின் கணக்கு மட்டும் மாறவில்லை.

அக்கணக்கில் மூன்று உறுப்புகள் உண்டு. லென்சின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கின்றது என்பது ஒன்று. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றது என்பது இரண்டு. ஐஎஸ்ஓ எனப்படும் உணர்திறன் எவ்வளவு என்பது மூன்று. தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிறையும். சிறிதளவே திறந்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். துளைக்கும் நேரத்திற்கும் உள்ள உறவு இதுவே. ஐஎஸ்ஓவைக் கூட்டுவது, குறைவாக வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுவதாகும்; அளவுக்கு மீறிக் கூட்டினால் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும்.

இரண்டு ஆசைகள், இரண்டு தேவைகள்

விளையாட்டும் இயற்கைக் காட்சியும் காமிராவிடம் கேட்பவை நேர்மாறானவை. ஆட்டம் நமக்காக நில்லாது. மலையோ எங்கும் போகாது. ஆட்டத்திற்கு நேரத்தை நறுக்க வேண்டும். மலைக்கு நேரத்தைக் கொடுக்க வேண்டும். ஆட்டக்காரர் தொலைவில் இருப்பார், அவரை அருகில் கொணர வேண்டும். காட்சி நம் முன்னே பரந்து கிடக்கும், அதை ஒரு சட்டத்திற்குள் அடக்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணராது, "எது நல்ல காமிரா?" என்று மட்டும் கேட்பவர், "எது நல்ல செருப்பு?" என்று கேட்பவரை ஒப்பர். வயலுக்கா, திருமணத்திற்கா என்று அறியாமல் யார் விடை கூற இயலும்?

ஓட்டத்தை நிறுத்துதல்

ஓடும் ஒரு மாணவி வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால், அந்த நேரத்திற்குள் அவள் 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகின்றாள்; முகம் கலங்கிய நீரில் தெரிவதுபோல் ஆகிவிடும். 1/1000 வினாடியாயின், அவள் நகர்வது 8 மில்லிமீட்டர் மட்டுமே; முகத்தின் உறுதியும் நெற்றியின் வியர்வையும் தெளிவாகப் பதியும். ஆதலின் ஓட்டம், ஹாக்கி, கால்பந்து, கபடி ஆகியவற்றிற்கு 1/500 முதல் 1/1000 வினாடி வரை தேவை என்பதை மனத்தில் இருத்துக.

இதை நாம் அறிந்துகொண்டது பட்டுத்தான். 2006ஆம் ஆண்டு, மெகாபிக்சல் மிகுந்தது என்ற ஒரே காரணத்திற்காகச் சட்டைப்பைக்குள் அடங்கும் காமிரா ஒன்றை வாங்கி, பள்ளி விளையாட்டு விழாவிற்கு எடுத்துச் சென்றோம். பொத்தானை அழுத்திச் சிறிது நேரம் கழித்தே அது படம் எடுக்கும். நூறு மீட்டர் ஓட்டத்தில் நமக்குக் கிடைத்தது, ஓடி முடித்தவர்கள் விட்டுச்சென்ற புழுதி மட்டுமே! மெகாபிக்சல் மிகுதி நமக்கு ஒன்றும் உதவவில்லை. 24 மெகாபிக்சல் காமிராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. ஏ4 அளவுத் தாள் முழுவதையும் நிரப்பித் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். எனவே, இன்று கடையில் கிடைக்கும் எந்தத் தொடக்கநிலைக் காமிராவிலும் நம் தேவைக்குக் குறைவான மெகாபிக்சல் இல்லை. அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டா.

தொலைவை அருகில் கொணர்தல்

ஹாக்கித் திடல் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உடையது. எல்லைக்கோட்டின் வெளியே நிற்பவர், 50 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்டக்காரரையும் எடுக்க வேண்டியிருக்கும். காமிராவோடு சேர்த்துத் தரப்படும் 18-55 மி.மீ. கிட் லென்சை 18இல் வைத்து அவரை எடுத்தால், படத்தின் உயரத்தில் அவர் இருபத்தைந்தில் ஒரு பங்கே இருப்பார். எறும்பைத் தேடுவதுபோல் தேட வேண்டும். 55இல் வைத்தாலும் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் 250 மி.மீ. லென்சில் அவர் படத்தின் பாதி உயரத்தைப் பிடித்துக்கொள்வார். ஆகவே, விளையாட்டுப் படம் எடுக்க விரும்புபவர்க்குத் தொலைநோக்கு சூம் லென்ஸ் ஆடம்பரமன்று, அதுவே அடிப்படை.

இங்கே சென்சாரின் அளவையும் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் காட்டிய ஃபுல் ஃபிரேம் காமிராவின் தகடு 36க்கு 24 மில்லிமீட்டர். தொடக்கநிலைக் காமிராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி தகடு ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், கேனன் நிறுவனத்துத் தகடு இன்னும் சற்றே சிறியது. தகடு சிறிதாகையால் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிகின்றது. அதனால் 250 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 375 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவிற்கு நெருக்கமாகக் காட்டுகின்றது. பெரிய தகடு இருளில் சிறப்பாகப் பணிபுரியும் என்பது உண்மையே. ஆனால் அதற்கேற்ற தொலைநோக்கு லென்சின் விலையும் எடையும் மிகுதி. தொடக்கநிலையில் உள்ளவர் சிறிய தகட்டையே தேர்ந்தால், குறைந்த செலவில் நீண்ட பார்வை கிட்டும்.

துளையின் கணக்கு

லென்சின் மேல் எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண் சிறிதானால் துளை பெரிது என்று கொள்க. எஃப் 5.6 ஐவிட எஃப் 2.8 துளை நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். மின்விளக்குகளின் கீழ் நடக்கும் ஆட்டம் ஒன்றை எஃப் 2.8 லென்சில் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுக்க முடியுமாயின், எஃப் 5.6 லென்சில் அதே படத்திற்கு ஐஎஸ்ஓ 12800 வேண்டும். மணல் தூவிய தோற்றம் அங்கேதான் தொடங்கும்.

எஃப் 2.8 துளையோடு கூடிய தொலைநோக்கு சூம் லென்சுகள் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களின் கருவிகள். நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவிற்குள் அவை அடங்கா. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலானவை பகலொளியில் நடப்பவை அல்லவா? இரவல் வாங்கிய ஒரு காமிராவோடும், 55-250 மி.மீ. லென்சோடும் அம்மகனைத் திடலுக்கு அழைத்துச் சென்றோம். மாலை ஐந்து மணிக்கு எஃப் 5.6, 1/1000 வினாடி, ஐஎஸ்ஓ 400 என்ற அளவில் படங்கள் தெளிவாக வந்தன. கதிரவன் மறைந்து சற்று நேரமானதும் 1/500 வினாடிக்கே ஐஎஸ்ஓவை 3200க்கு மேல் உயர்த்த வேண்டியதாயிற்று. படங்களில் புள்ளிகள் தோன்றின. "இந்த லென்சுக்கு ஆறு மணி வரைதான் வேலை, ஃபாதர்" என்றான் அவன். கருவியின் எல்லையைத் தன் கண்ணாலேயே கண்டுகொண்டான்.

மலை காத்திருக்கும்

இயற்கைக் காட்சிக்கு வருவோம். இங்கே கணக்கு தலைகீழாகின்றது. மலை அசையாது, ஆதலின் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கலாம். ஐஎஸ்ஓ 100இல் வைக்கலாம். அருகில் உள்ள பாறையும் தொலைவில் உள்ள குன்றும் ஒருங்கே தெளிவாக இருக்க வேண்டுமாகையால், துளையை எஃப் 8 முதல் எஃப் 11 வரை சிறிதாக்கலாம். அதற்கும் மேல் எஃப் 22 வரை சென்றால் மிகுந்த தெளிவு கிட்டும் என எண்ணுவோர் உண்டு, அது தவறு. மிகச் சிறிய துளையின் ஊடே செல்லும் ஒளி விரிந்து பரவுவதால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும்.

இவ்வளவையும் செய்வதற்கு எஃப் 2.8 லென்ஸ் தேவையில்லை. பலர் எள்ளி ஒதுக்கும் அந்தக் கிட் லென்சே 18 மி.மீ. அகலத்தில், எஃப் 8 துளையில், விலையுயர்ந்த லென்சுகளோடு தோள் உரசி நிற்கும். வேண்டுவது ஓர் உறுதியான முக்காலி. காமிராவை அதன்மேல் வைத்து, கைபட்டு அசையாதபடி இரண்டு வினாடி டைமரில் படம் எடுக்க வேண்டும். 18 மி.மீ. அகலம் போதவில்லையாயின், பக்கம் பக்கமாகச் சில படங்களை எடுத்துக் கணிப்பொறியில் இணைத்துக்கொள்ளலாம். குற்றால அருவியை 1/1000 வினாடியில் எடுத்தால் நீர்த்துளிகள் முத்துகளாய் உறையும். அரை வினாடியில் எடுத்தால் வெண்பட்டாய் வழியும். ஈர இலைகளிலும் நீர்ப்பரப்பிலும் தோன்றும் கூசும் பளபளப்பைக் குறைக்க, போலரைசர் எனும் சுழலும் கண்ணாடியை லென்சின் முன் மாட்டலாம்.

எல்லாவற்றினும் பெரியது, நேரம். கழுகுமலைப் பாறையை நண்பகலில் எடுத்தால் அது வெறும் வெளுத்த கல். விடியற்பொழுதின் சாய்ந்த ஒளியில் எடுத்தால் அதன் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த ஒளியை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அதிகாலையில் எழுந்திருப்பவர்க்கு அது இலவசம்! சுருங்கக் கூறின், ஆட்டப் படத்திற்குப் பணம் வேண்டும். இயற்கைப் படத்திற்குப் பொறுமை வேண்டும். எனவே கையிலுள்ள பணத்தை ஆட்டத்தின் பக்கம் செலவிடுவதே அறிவுடைமை.

இயற்கைக் காட்சி மட்டுமே நோக்கமாயின், இன்று பலர் கையிலுள்ள நல்ல கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும் என்பதையும் ஒளிக்காது சொல்ல வேண்டும். ஹாக்கித் திடலின் அடுத்த கரையில்தான் கைப்பேசி தோற்கின்றது.

பாடியா, லென்சா?

கடையில் இரு வகைக் காமிராக்களைக் காண்பீர்கள். உள்ளே கண்ணாடி உடைய டி.எஸ்.எல்.ஆர். வகை ஒன்று, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை மற்றொன்று. 2018ஆம் ஆண்டு கேனன், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் புதிய மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. அதன் பிறகு அவற்றின் கவனம் அப்பக்கமே சென்றுள்ளது. ஆட்டப் படத்தில் மிரர்லெஸ் வகைக்கு மெய்யான நன்மை உண்டு. 2019இல் வந்த கேனன் 200டி மார்க் 2 எனும் டி.எஸ்.எல்.ஆர்., வினாடிக்கு 5 படங்கள் எடுக்கும். கண்நோக்கி வழியே பார்க்கும்போது அதற்கு 9 குவியப் புள்ளிகளே உண்டு. அதே 2019இல் வந்த நிக்கான் இசட் 50, சோனி ஏ6400 ஆகியவை வினாடிக்கு 11 படங்கள் எடுக்கும். 2022இல் வந்த கேனன் ஆர்10, 15 படங்கள் எடுக்கும். ஓடும் மனிதரைச் சட்டத்தின் மூலை வரை தானே பின்தொடரும்.

அப்படியானால் டி.எஸ்.எல்.ஆர். வீணா? இல்லை. பலர் மிரர்லெஸ் பக்கம் மாறுவதால், பழகிய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களும் லென்சுகளும் குறைந்த விலையில் கைமாறுகின்றன. வசதியுள்ளவர் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் ஒன்றை இரண்டு லென்சுகளோடு வாங்கலாம். வசதி குறைந்தவர் பழகிய டி.எஸ்.எல்.ஆரை இரண்டு லென்சுகளோடு வாங்கலாம். எதைச் செய்யினும், விலையுயர்ந்த பாடியை ஒரே கிட் லென்சோடு வாங்கி, தொலைநோக்கு லென்சுக்குப் பணமின்றி நிற்கும் நிலைக்கு ஆளாக வேண்டா. பாடி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் நெடுநாள் உழைக்கும்.

பழகியதை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. லென்சை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்துள்ளதா என்று பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் வேண்டா. ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேளுங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16 துளையில் எடுத்துப் பார்த்தால், தகட்டின் மேலுள்ள தூசு கரும்புள்ளியாய்த் தெரியும். வாங்கிய பின், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருங்கள். கடற்கரையில் எடுத்த அன்றே உப்புக் காற்றின் ஈரத்தை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

அவன் வாங்கியது

இறுதியில் அம்மகன் வாங்கியவை இவை: சில ஆண்டுகள் பழகிய ஏபிஎஸ்-சி டி.எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்று, 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்று, 55-250 மி.மீ. லென்ஸ் ஒன்று, விரைவாகப் பதியும் மெமரி கார்டு ஒன்று, கூடுதல் பாட்டரி ஒன்று, முக்காலி ஒன்று. அனைத்தும் சேர்ந்து சீட்டுப் பணத்தில் பாதியைத் தொடவில்லை. தவணையும் இல்லை. மீதிப் பணத்தைத் தாய் வங்கியில் இட்டார்.

முதல் போட்டியன்று அவன் அறுநூறு படங்கள் எடுத்தான், தேறியவை பதினொன்று. நாம் அதைக் குறையாகக் கருதவில்லை. 36 படச் சுருளோடு விளையாட்டு விழாவிற்குப் போன நாள்களில் நமக்கு ஒன்றுகூடத் தேறாத நாள்கள் உண்டு. பந்து எங்கே போகும் என்று ஆட்டத்தை அறிந்தவனே முன்கூட்டி உணர்வான்; அவ்வறிவை எந்தக் காமிராவும் தருவதில்லை. சிறுவர் சிறுமியரின் படங்களைப் பள்ளியின், பெற்றோரின் இசைவின்றிப் பலர் பார்வைக்கு வைக்கலாகாது என்பதையும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அவ்வாறே, பதினொன்றையும் முதலில் பயிற்சி ஆசிரியையிடம் காட்டினான்.

அவற்றுள் ஒரு படம் இன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றது. அது கோல் விழுந்த படமன்று. கைக்கு வந்த கோலைத் தவறவிட்ட தங்கை தலை குனிந்து நிற்க, தோழி ஒருத்தி ஓடிவந்து அவள் தோளில் கை வைத்த கணம். 1/1000 வினாடியில் பதிந்த படம். "காமிரா வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை, சாமி" என்று அதைக் காட்டித் தந்தை சொன்னார்.

அன்பான பெற்றோரே, பிள்ளைகள் காமிரா கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டா, கேட்டதைக் கேட்டபடி வாங்கித் தரவும் வேண்டா. இரவல் காமிரா ஒன்றோடு ஒரு மாலை அவர்களோடு திடலுக்குச் செல்லுங்கள். ஒரு விடியலில் குன்றின் அடிவாரத்திற்குச் செல்லுங்கள். எது வேண்டும், எது வேண்டா என்பது அங்கேயே விளங்கிவிடும். அம்மகனுக்கு இப்போது இன்னொரு லென்ஸ் வேண்டுமாம், ஆறு மணிக்குப் பிறகு நடக்கும் ஆட்டங்களுக்கு. இம்முறை அவன் நம்மிடம் ஆலோசனை கேட்கவில்லை. தானே சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கின்றான்.